பின்புறத்தில் என் பெயர்

இருபத்திமூன்றாம் ஆண்டு நவம்பரில்
இந்த நாட்டில் ஒரு கடிதம் ஊர்விட்டு ஊர் போக
ஆயிரம் கோடி மார்க்.
எட்டு நாளில் இரண்டாயிரம் கோடி.
இன்னும் ஆறு நாளில் எட்டாயிரம்.
ஒட்டப்படாமலே செத்த அஞ்சல்தலைகள்
கட்டுக்கட்டாய் இன்றும் கிடைக்கின்றன,
ஒரு ரொட்டி விலைக்கும் கீழே.
ஒட்டி, அடிவாங்கி, வேலை பார்த்ததற்குத்தான் மதிப்பு.

அதனால்
புதுத் தலைக்குப் பழைய அடி போடுகிறார்கள்.
அதனால் எனக்குப் பிழைப்பு.

காஸல் நகரம். டிராம் கிறீச்சிட்டுத் திரும்பும் முனை.
மூன்றாம் மாடியில் வடக்குப் பார்த்த மேசை.
புற ஊதா விளக்கின் கீழ்
நேற்றைய மை பளிச்சென்று உளறிவிடும்,
நூறு வயது மை வாய் திறக்காது.
பல் உடைந்த விளிம்பில்
மை வழிந்து பின்பக்கம் ஏறியிருந்தால்
பல் முதலில் போயிற்று, முத்திரை அப்புறம் வந்தது
என்று அர்த்தம்.
இவையெல்லாம் எவரும் கற்கலாம்.

எனக்கென்று ஒன்று வைத்திருந்தேன்:
பொய்க்காரன் கணக்கைச் சரியாகப் போடுவான்.
கட்டணம் ஏறியது தெரியாமல்
பழைய விலைக்கு ஒட்டி, பிடிபட்டு,
நீலப் பென்சிலால் அபராதம் கிறுக்கப்பட்ட உறையைக் கண்டால்
எனக்கு மனசு இளகும்.
இவ்வளவு அசட்டையாய் இருக்க
உண்மைக்குத்தான் முடியும் என்பேன்.

சென்ற மாதம் கெண்ட் நகரத்துப் பல்மருத்துவர்
ஒரு தலை அனுப்பினார்.
அபோல்டா முத்திரை, நவம்பர் இருபத்தொன்று.
மூன்று என்ற எண்ணின் வயிற்றில்
குறுக்கே ஒரு வெள்ளைக் கோடு, மயிரிழை,
நிஜமாகவே மயிர்.
அடிக்கிற கையின் கீழே
எவருடைய தலையிலிருந்தோ உதிர்ந்தது.
பார்த்த முகம்போல் இருந்தது. பிடிபடவில்லை.
விளக்கும் வாய் திறக்கவில்லை.
ஓரமாய் எடுத்துவைத்தேன்.

இன்று ஓஸ்னாப்ரூக்கிலிருந்து எக்கார்ட் வீபெல்.
"விற்கப் போகிறேன், சும்மா ஒரு மறுபார்வை."
அபோல்டா. இருபத்தொன்று.
மூன்றின் வயிற்றில்
அதே மயிர்,
அதே வளைவு, நுனியில் அதே சிறு கொக்கி.

மயிர் ஒருமுறைதான் உதிரும்.
இரண்டாம் முறை விழுவது அச்சுவார்ப்பு.
எவனோ ஒரு நல்ல முத்திரையைப் படம்பிடித்து
மயிரோடு சேர்த்து வார்த்திருக்கிறான்,
பழைய மையைக்கூடத் தேடிப் பிடித்திருக்கிறான்.

சாமணத்தால் புரட்டினேன்.
பின்புறம், கீழ் வலது மூலை:
கிளாம்ரோத்.

முதலில் மகிழ்ந்தேன், சொல்லிவிடுகிறேன்.
என் ஒப்பத்தையும் போலி செய்கிறார்களா,
அவ்வளவு பெரிய ஆளா நான்?
பூதக்கண்ணாடியை இன்னும் இறக்கினேன்.
என் முத்திரைக்கட்டை இரண்டாயிரத்துப் பதினொன்றில்
குளியலறைத் தரையில் விழுந்தது.
(குளியலறையில் அதற்கென்ன வேலை என்று கேட்காதீர்கள்.)
அன்றுமுதல் ஆர் எழுத்துக்கு ஒரு கால் ஊனம்.
இதில் ஆர் இரண்டு காலிலும் நிற்கிறது.
போலி என்று எழுத நினைத்த கை
பழைய பதிவேட்டை எடுத்தது.

இரண்டாயிரத்து ஒன்பது, மார்ச். வரிசை எண் நானூற்றுப் பன்னிரண்டு.
என் கையெழுத்தில்:
"அபோல்டா. அடியில் தலைமயிர். சந்தேகமே இல்லை."

டிராம் திரும்பியது. இன்னொன்றும் திரும்பியது.
காபி ஆடை கட்டிவிட்டது.

சான்றுத் தாளில் எழுதினேன்:
தலை உண்மை.
முத்திரை பொய்.
பின்புற ஒப்பம் உண்மை.
கட்டணம் என்ற இடத்தில் கோடு இழுத்தேன்,
பிறகு வீபெல் கொடுத்திருக்கக்கூடிய விலையை
அடியில் பென்சிலால் கணக்குப் போட்டுப் பார்த்தேன்.
பெரிய தொகை.
ஆயிரம் கோடி இல்லை, ஆனாலும்.

பொய் என்ற அச்சையும் பின்னால் வைக்க வேண்டும், அது வழக்கம்.
மறுபடி எவரும் ஏமாறக்கூடாதே.
தலை சின்னது. இருந்த இடத்தை
நான் முன்பே எடுத்துக்கொண்டிருந்தேன்.
எவ்வளவு ஒதுக்கி வைத்தும்
கடைசி எழுத்து
என் பெயர்மேல் ஏறிவிட்டது.

மை உலரட்டும் என்று
ஜன்னலோரம் வைத்திருக்கிறேன்.